நட்சத்திரம் ஆர் எண்டு ஒருக்கா கேக்கிறன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட ஞாயிறு இதழில அந்தப் பழைய வானொலி அறிவிப்பாளர் எழுதிற தொடரை ஒரு கிழமையும் விடாமல் வாசிக்கிறன். நான் ஏ9 பாதையில முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில கச்சான் (வேர்க்கடலை) கடை வச்சிருக்கிறன், பேப்பர் வந்தாலும் யாழ்ப்பாணம் போற பஸ்ஸுகள் எல்லாம் போய் முடிஞ்சு சனம் குறைஞ்சாப் பிறகுதான் விரிக்கலாம். நல்லா எழுதிறார், அதில பொய் சொல்லேலாது. எம்.ஜி.ஆர் 1965ல சரோஜாதேவியோட இலங்கைக்கு வந்த கதையை வாசிக்கேக்க எங்கட அப்பா உயிரோட இருந்திருந்தா பேப்பரை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில ஒட்டியிருப்பார், நாவலப்பிட்டியில பிறந்த எங்கட ஆள் எண்டு அந்த மனுசன் சாகும் வரைக்கும் உரிமை கொண்டாடினவர்.

ஆனா ஐயா, கிழமைக்குக் கிழமை இந்திய நடிகர் வந்தார், பாடகர் வந்தார், நான் மாலை போட்டன், அவர் என்ர தோளில கை போட்டார், ஒண்டாச் சாப்பிட்டம் எண்டே போய்க்கொண்டிருந்தா என்ன செய்யிறது? தோளில கை போட்டது அவருக்குச் சந்தோசம்தான், வாசிக்கிற எங்களுக்கு என்ன கிடைச்சது? அந்தப் பேட்டியை எப்பிடிப் பதிவு செய்தவை எண்டு எழுதலாமே. அப்ப எல்லாம் பெரிய சுருள் ரேப், பிழை வந்தா பிளேட்டால வெட்டி ஒட்டிறது. பெரிய பெரிய ஆக்கள் இருமினது, தடக்குப்பட்டது, பேர் மறந்து முழிச்சது எல்லாம் வெட்டி எறிஞ்ச துண்டுகளிலதான் கிடந்திருக்கும், அதை அறிஞ்ச மனுசன் அதை விட்டுப்போட்டு மாலைக் கதை சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

எங்களுக்கு நட்சத்திரம் மைக்குக்கு முன்னால வந்து குந்தின விருந்தாளி இல்லை, மைக்குக்குச் சொந்தக்காரரான அறிவிப்பாளர்தான். இலங்கை வானொலியில இருந்த மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத், இந்தப் பேருகளைச் சொன்னா வன்னியில அம்பது வயசு தாண்டின ஆர் எண்டாலும் ஒருக்கா நிமிந்து பாப்பினம். ராஜா மூச்சு விடாமல் கதைக்கிறதை ஊரில பெடியள் எல்லாம் கதைச்சுப் பாத்துத் தோத்தவங்கள். அந்தாளை 1994ல கொழும்பில கொலை செய்துபோட்டாங்கள், ராஜேஸ்வரி அம்மாவும் 2012ல போயிட்டா. இப்பத்த எப்.எம் பிள்ளையளைக் குறை சொல்லேல்ல, அதுகளும் பிழைப்புத்தானே பாக்குதுகள், ஆனா நேயர் பேர் வாசிக்கேக்க கனகராயன்குளத்தையும் முத்தையன்கட்டையும் கடிச்சுத் துப்பிற மாதிரி வாசிச்சா எனக்குப் பத்திக்கொண்டு வரும். அந்தப் பழைய ஆக்கள் வாசிச்சா ழகரம் ழகரமா இருக்கும், ளகரம் ளகரமா இருக்கும்.

90ல சண்டை தொடங்கிக் கரண்ட் போனதுக்குப் பிறகு பற்றறியும் தடை, மண்ணெண்ணையும் அருமை. அப்ப நாங்கள் றேடியோ கேட்ட விதம் உங்கட கொழும்பு வாசகர் கனபேருக்குத் தெரியாது. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில இருந்து வயர் எடுத்து றேடியோவில குடுத்து, ஒராள் குந்தி இருந்து கையால பெடலைச் சுத்த வேணும், மற்றவை கேக்கலாம். கை நோகச் சுத்து குறையும், அதோட சத்தமும் அமுங்கிப் போகும், உடன எல்லாரும் சேந்து "சுத்தடா சுத்தடா" எண்டு கத்துவினம். பிபிசி தமிழோசைச் செய்தி வரேக்க ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லாயினம், நாடகத்துக்குத்தான் ஆள் பிடிக்கிறது கஸ்ரம், சுத்திறவனுக்குச் சிரிப்பு வந்தா கை நிண்டுபோகும் எல்லே. அப்பிடி வேர்க்க விறுவிறுக்கச் சுத்திக் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் பெரிய ஆளோ, படத்தில வாயசைச்சவர் பெரிய ஆளோ, நீங்களே சொல்லுங்கோ.

அதுக்கு முந்தி, எங்கட சின்ன வயசில, றேடியோவில கோமாளிகள் நாடகம். ராம்தாஸ் மரைக்காரா வருவார், செல்வசேகரன் உபாலி எண்ட சிங்கள ஆளா வருவார், ராஜகோபால் அப்புக்குட்டி, அப்துல் ஹமீத் ஐயர்! தமிழர் முஸ்லிமா நடிக்க, முஸ்லிம் ஐயரா நடிக்க, ஊரே விழுந்து விழுந்து சிரிச்சது. 1976ல படமாவும் வந்தது. இவையோட வேலை செய்த கதையை உங்கட தொடரில இன்னும் காணேல்ல. ஒத்திகையில ஆர் ஆருக்கு உச்சரிப்புத் திருத்தினது, ஐயர் பாசையை ஹமீத் எங்க பிடிச்சவர், இதெல்லாம் கூட நிண்டவை சொன்னாத்தானே வெளியில வரும். பிறகு தெனாலிப் படத்துக்குக் கமலகாசனே எங்கட பேச்சுப் பழக அதே ஹமீத்திட்டத்தானே உதவி கேட்டவர். படம் வந்தது 2000ல, எங்களுக்குப் பாக்கக் கிடைச்சது சண்டையால மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தாப் பிறகு. கமல் கதைச்சதில எனக்குக் குறை இருக்கு, அது வேற கதை.

ஒண்டு சொல்லவேணும். ஏ9 பாதையால போற வாகனம் எல்லாம் எங்கட பிள்ளையாரிட்ட நிண்டு தேங்காய் உடைச்சிட்டுத்தான் போகும். போன வரியம் ஒரு சினிமா ஆள் வந்து இறங்கினார், சனம் போனும் கையுமா மொய்ச்சுது, என்ர கடைத் தட்டைச் சரிச்சு விழுத்திப் போட்டாங்கள், பொறுக்கி எடுக்க அரைவாசிக் கச்சான் மண்ணோட. அதுக்குக் கொஞ்ச நாள் பிந்தி வெள்ளைச் சேட்டுப் போட்ட வயசான ஒருத்தர், தனிய, கடைக்கு வந்து "தம்பி, வறுத்தது சூடா இருக்கா?" எண்டு கேட்டார். நாலே சொல்லு. எனக்குக் கையில இருந்த கடதாசிச் சுருளையும் சுத்தேலாமப் போச்சு. "ஐயா, நீங்கள் றேடியோவில..." எண்டு இழுத்தன், மனுசன் சிரிச்சுப்போட்டு வாயில விரலை வச்சார். பக்கத்துக் கடைப் பெடியனுக்கு ஆரெண்டே தெரியேல்ல. காசு வேண்டாம் எண்டன், விடேல்ல, தந்திட்டுத்தான் போனவர். வாயில விரல் வச்சவரின்ர பேரை நானும் போடேல்ல.

அதால நான் கேக்கிறது இதுதான். இனி வாற கிழமையளில உங்கட எழுத்தாளர் கூட வேலை செய்தவையைப் பற்றி எழுதட்டும், நாடகக் குழு, ஒலிப்பதிவு செய்த ஆக்கள், சாக்குக் கணக்கில வந்த தபாலட்டையளைப் பிரிச்சு அடுக்கினவை, எங்கட ஊர்ப் பேருகள் எப்பிடித் தெரிவானது எண்டதும். முடிஞ்சா கிளிநொச்சியில ஒரு கூட்டம் வையுங்கோ, உயிரோட இருக்கிற பழைய அறிவிப்பாளரைக் கூட்டி வாங்கோ, கேள்வி கேக்க நாங்கள் இருக்கிறம், கச்சான் நான் கொண்டு வாறன்.

கடிதம் நீண்டு போச்சு. இடம் காணாட்டி அப்பாவின்ர எம்.ஜி.ஆர் கதையை வெட்டுங்கோ, கோமாளிகளில கை வைக்காதேங்கோ.

இப்படிக்கு,
கச்சான் கடைக்காரன்,
முறிகண்டி.