எல்லைக்கல் நடுங்கள், அப்புறம் அனுமதி கொடுக்கலாம்

தமிழ்நாடு சதுப்புநில ஆணையத்துக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும்,

வணக்கம். தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. சுமார் 1,248 ஹெக்டேர். அறுபதுகளில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்த கழுவெளியில் (சதுப்பில்) மிஞ்சியது அவ்வளவுதான், சரி, மிஞ்சியதாவது தப்பிக்கும் என்று இருந்தோம். ஆனால் அந்த எல்லை எந்த சர்வே எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்பதைத் தரையில் காட்டி முடிப்பதற்குள் சுற்றிலும் அடுக்குமாடிகளுக்குக் கோப்பு நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அளந்து முடிக்கும் வரை 1 கிலோமீட்டருக்குள் அனுமதியே தராதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்குத் தீர்ப்பாயம் எதற்கு? எல்லையையும், அதன் நீரோட்டத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியையும் வரையறுக்கச் சொல்லி 2017 சதுப்புநில விதிகளிலேயே இருக்கிறதே.

அந்த விதிகளே நீர்த்துப்போனவைதான், மறுக்கவில்லை. 2010 விதிகளில் இருந்த மத்திய ஆணையத்தை எடுத்துவிட்டு அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தள்ளினார்கள். அதோடு, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகள் சதுப்புநிலக் கணக்கிலேயே வராது என்றும் எழுதிவிட்டார்கள். ஏரியும் கண்மாயுமாக வாழும் தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேண்டுமா? நாராயணபுரம், கீழ்க்கட்டளை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக்குத்தான் வருகிறது. அவற்றை நம்பியிருந்த வயல்கள் மனைகளாகிவிட்டன, ஏட்டில் மட்டும் இன்னும் பாசன ஏரி. சதுப்பைக் காப்பாற்றுவோம், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏரியை விட்டுவிடுவோம் என்றால் என்ன கணக்கு இது?

ஒரு மழை நாளில், சதுப்பின் நீர் வெளியேறும் ஒக்கியம் மடுவுப் பாலத்தில் வந்து நில்லுங்கள். தென்சென்னையின் இத்தனை ஏரிகளைத் தாண்டி வரும் வெள்ளம் அந்த ஒரு வாய் வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். அதுவரை அதைத் தாங்கி நிறுத்துவது சதுப்புதான். அதன் ஓரத்தில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் எங்கே போகும், பக்கத்துத் தெருவுக்குத்தான். 2015-ல் பார்த்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் ஜனங்களைப் படகில் ஏற்றியதையும் பார்த்தோம். (அந்த இடிபாட்டுக் குவியலை ஒட்டியே நாமக்கோழிகள் என்ற நீர்ப்பறவைகள் மேய்வதையும் தினம் பார்க்கலாம். அதுகளுக்குப் பட்டா கிடையாது.)

பட்டா வைத்திருப்பவர்கள் எங்கள் நிலை என்ன என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். சின்ன வீட்டுக்காரரையும் பல மாடி எழுப்புகிறவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரைபடம் வெளியே வராததில் லாபம் பார்ப்பது அந்தச் சின்ன வீட்டுக்காரர் இல்லை.

அதிகாரம் இப்போது உங்கள் கையில்தானே இருக்கிறது, டெல்லியைக் கைகாட்ட முடியாது. சர்வே எண் போட்ட வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒட்டுங்கள். எல்லைக்கல் நடுங்கள். வரத்து ஏரிகளையும் கால்வாய்களையும் அந்தச் சுற்றுப்பகுதிக்குள் சேருங்கள். ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளில் எவை இந்த எல்லைக்குள் விழுகின்றன என்ற பட்டியலையும், அவற்றில் யார் கையெழுத்திட்டார்கள் என்பதையும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரியில் குடியிருக்கும் ஒருவர்