பேட்டரி செயின்சா: சத்தம் குறைந்தது, ஆபத்து குறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்யவும், காற்றில் முறிந்து விழுந்த கொப்புகளைத் துண்டுபோடவும், வேலிக்கம்பங்களையும் பழைய மரச்சட்டங்களையும் அறுக்கவும் பேட்டரியில் ஓடும் செயின்சாக்களை, அதாவது சங்கிலி ரம்பங்களை, வாங்குவோர் பெருகி வருகின்றனர். இந்த மாற்றத்தை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால், விளம்பரங்களிலும் காணொளிகளிலும் இந்த ரம்பத்தை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்களுக்கு எந்தக் காப்பும் இல்லாமல், மறுகையால் கிளையைப் பற்றி அறுத்துக் காட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. செயின்சாவுக்குரிய மரியாதையை இந்தச் சிறிய கருவிக்கும் தர வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆண்டுக்கு ஒருசில முறை மட்டுமே மரம் அறுக்கும் வீட்டுக்குப் பெட்ரோல் ரம்பம் பொருத்தமற்றது என்பதே என் கருத்து. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் 50க்கு 1 என்ற அளவில் எண்ணெயைக் கலக்க வேண்டும். கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். மாதக்கணக்கில் எரிபொருளோடு சும்மா கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பேட்டரி ரம்பத்தில் இந்தத் தொல்லைகளோ புகையோ இல்லை. அழுத்தினால் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். மின்சாரத்தில் ஓடும் ரம்பம் வெறும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோரும் உண்டு. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் உருவாக்கிய செயின்சாவே மின்சாரத்தில் ஓடியதுதான். அவருடைய பெட்ரோல் ரம்பம் அதற்குப் பிறகு, 1929இல்தான் வந்தது.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் உறுமல் அருகில் இருப்பவர் அனைவரையும் எச்சரித்துவிடும். மேசைமேல் கிடக்கும் பேட்டரி ரம்பமோ, பேட்டரி பொருத்தியிருந்தாலும் பொருத்தாவிட்டாலும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சங்கிலி தளர்ந்துவிட்டதா என்று விரலால் இழுத்துப் பார்ப்பதும், பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தைச் சுற்றி ஈரமாக அப்பியிருக்கும் மரத்தூளை வழித்தெடுப்பதும் வேலைக்கு நடுவே பலமுறை செய்ய வேண்டியவை. கை சங்கிலிக்கு மிக அருகில் செல்லும் நேரமும் அதுவே. விசையைத் தடுக்கும் பூட்டுப் பொத்தான் இருக்கிறதே என்று அப்போது சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. சங்கிலியைத் தொடுவதற்கு முன்பு பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது ஒவ்வொரு விற்பனையாளரும் வாங்குபவரை எதிரில் வைத்துச் செய்துகாட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்து, கிக்பேக் எனப்படும் பின்னெகிறல். சங்கிலியைத் தாங்கும் நீண்ட தகட்டின், அதாவது பாரின், நுனியில் மேற்புறக் கால்பகுதி மரத்திலோ அருகிலுள்ள வேறொரு கிளையிலோ பட்டால், ஓடும் சங்கிலியின் பற்கள் அங்கே மாட்டிக்கொள்ள, ரம்பம் முழுவதும் மேல்நோக்கிச் சுழன்று பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சங்கிலி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதன் கண்டு சுதாரிக்கத் தேவைப்படும் ஐந்தில் ஒரு பங்கு வினாடிக்குள் 2 மீட்டர் நீளச் சங்கிலி அந்த இடத்தைக் கடந்திருக்கும். ஆகவே எகிறிய பிறகு தடுத்துக்கொள்ளலாம் என்பது நடவாத காரியம். இரு கைகளாலும் பிடித்து, இடக்கையின் கட்டைவிரலை முன்கைப்பிடிக்கு அடியில் சுற்றி, உடலை அறுக்கும் கோட்டுக்கு நேரே வைக்காமல் சற்று இடப்புறம் விலகி நிற்பதே காப்பு. பெரிய ரம்பங்களில், எகிறும்போது சங்கிலியை உடனே நிறுத்தும் செயின் பிரேக் முன்புறக் கைக்காப்போடு இணைந்திருக்கும். 10 முதல் 15 சென்டிமீட்டர் பார் கொண்ட குட்டி ரம்பங்கள் பலவற்றில் அது கிடையாது. அந்தக் குட்டி ரம்பங்களே ஒற்றைக் கையில் இயக்கப்படுகின்றன என்பதுதான் கவலைக்குரியது. அவற்றால் அதிகம் காயப்படக்கூடியது கிளையைப் பிடித்திருக்கும் மறுகை. எடை குறைவாக இருப்பதால் ஏணிமேல் ஏறி நின்றும், தோள் உயரத்துக்கு மேலே தூக்கியும் அறுக்கத் துணிகிறார்கள். இரண்டும் கூடவே கூடாது. மின்கம்பி அருகில் உள்ள கிளையைத் தொடவே வேண்டாம், அது மின்துறையினர் செய்ய வேண்டிய வேலை.

வெட்டும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில், கருவி எளிதாகிவிட்டதால் மரங்கள் கண்டபடி வெட்டப்படுகின்றன. கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால், பாதி அறுபட்ட நிலையிலேயே கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். அதற்குப் பதிலாக, அடிமரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு. கிளை விழுந்த பின் எஞ்சிய துண்டை மூன்றாம் வெட்டில் எடுக்க வேண்டும். அந்த மூன்றாம் வெட்டைக் கிளை தோன்றும் இடத்தில் மோதிரம் போலப் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே நிறுத்திக்கொள்ள வேண்டும். காயத்தை மூடி வளரும் திசு அந்தப் புடைப்பிலிருந்துதான் உருவாகிறது. வெட்டு மழமழவென்று இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்ட அறுப்பவர்கள் மரத்தின் அந்தத் தற்காப்பையே நீக்கிவிடுகிறார்கள். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ இதை ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து விளக்கியிருக்கிறார். வெட்டிய இடத்தில் வண்ணம் பூசுவதால் பயனில்லை என்பதும் அவருடைய முடிவுகளில் ஒன்று.

வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள வோல்ட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் 5 வரிசையாக இணைந்தால் 18 வோல்ட். அதே 5 செல்கள் முழு சார்ஜில் 20 வோல்டைத் தொடும் என்பதால் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்றும் அதுவே விற்கப்படுகிறது. இதைவிடப் பெரும் மோசடி, அதே 5 செல் பேட்டரியின் மேல் 48 என்றும் 88 என்றும் எண்களை அச்சிட்டு விற்பது. வோல்டைப் பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர்-அவரால் (Ah) பெருக்கினால் வரும் வாட்-அவரையே (Wh), அதாவது அதில் அடங்கிய மொத்த ஆற்றலையே, பார்க்க வேண்டும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 72 வாட்-அவர் உண்டு. 36 வோல்டில் அதே ஆம்பியர்-அவர் என்றால் அது இரட்டிப்பாகும். கட்டைவிரல், மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளைகளுக்குக் குட்டி ரம்பம் போதும். அதற்கு மேல் என்றால் 25 முதல் 30 சென்டிமீட்டர் பார் கொண்ட, பிரேக் உள்ள ரம்பத்தையே வாங்க வேண்டும். நின்றிருக்கும் மரத்தைச் சாய்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை, எந்த ரம்பமானாலும் சரி.

பேட்டரியில் ஓடுவதால் பராமரிப்பே தேவையில்லை என்ற நினைப்பும் தவறு. சங்கிலிக்கு எண்ணெய் கட்டாயம் வேண்டும். சில சிறிய ரம்பங்களில் அதைக் கையால்தான் விட வேண்டும். அறுக்கும்போது சீவல்கள் விழுந்தால் பற்கள் கூராக உள்ளன. மாவு போன்ற தூள் பறந்தால் மழுங்கிவிட்டன, உடனே அரத்தால் தீட்ட வேண்டும். மழுங்கிய சங்கிலி பேட்டரியை வீணாக்குவதோடு, பிடித்திருப்பவரை ரம்பத்தைத் தள்ளி அழுத்தவும் வைக்கும். விபத்து அங்கிருந்தே தொடங்குகிறது. பழைய சட்டங்களில் ஆணி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அறுக்க வேண்டும். நெடுநாள் எடுத்துவைக்கும் பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லது.

கண்ணாடியும் செவிக்காப்பும் அவசியம். பேட்டரி ரம்பத்தின் ஓசை பெட்ரோல் ரம்பத்தைவிடக் குறைவு என்றாலும், காதருகே பெரும்பாலும் 85 டெசிபெலைத் தாண்டிவிடுகிறது. ரம்பக் காப்புக் கால்சட்டைகளின் உள்ளிருக்கும் இழைகள் பல்சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்துகின்றன. ஆனால் மின்மோட்டாரின் முறுக்குவிசை குறைந்த வேகத்திலும் வலுவாக இருப்பதால், அது அவ்வளவு எளிதில் நிற்காமல் போகலாம். கால்சட்டையை நம்பிக் கவனம் தளர்ந்துவிடக் கூடாது.

விளம்பரங்களில் இக்கருவியை ஒற்றைக் கையில் காட்டுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்த வேண்டும். பேட்டரியைக் கழற்றச் சொல்லும் எச்சரிக்கையைக் கையேட்டுக்குள் பொடி எழுத்தில் புதைக்காமல் ரம்பத்தின் மேலேயே பொறிக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய கருவிகளைப் பற்றிக் கட்டுரையோ விளம்பரமோ வெளியிடும்போது, பார் நீளம், பேட்டரியின் வாட்-அவர், செயின் பிரேக் உண்டா இல்லையா ஆகிய மூன்று விவரங்களும் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்