ஆறாம் நாள் எங்கே போனது?

அனுப்புநர்: நவம்பர் பேட்ச், தர்மபுரி குழு
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை
பொருள்: மனாங் ஓய்வு நாளை வெட்டியது, ஜீப் வாடகை, இரண்டு மாத இழுத்தடிப்பு – தொடர்பாக

ஐயா,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் மெயிலில் அனுப்பினேன். நான்குக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில். நான் எங்கே ஐயா கருத்து சொன்னேன்? அதனால் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடக்கும் அன்னபூர்ணா சர்க்யூட் மலையேற்றம், 13 நாள் பேக்கேஜ், 11 பேர், தலைக்கு ரூ.48,000. மீதியெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அட்டவணையும் நீங்கள் போட்டதுதான். ஐந்தாம் நாள் வழியில் உள்ள மனாங் கிராமம், ஆறாம் நாள் அங்கேயே ஓய்வு. ஆறாம் நாள் காலை ஆறு மணிக்குக் கைடு கதவைத் தட்டிக் கிளம்பச் சொன்னார். "இன்னிக்கு ரெஸ்ட்தானே?" என்று கேட்டதற்கு, பாவம், தன் கையில் இருந்த தாளைக் காட்டினார். அதில் மனாங்குக்கு ஒரே ஒரு இரவு. எங்களுக்கு ஒரு தாள், அவருக்கு வேறொரு தாள். ஒரு நாள் ரூம் வாடகையும் சாப்பாடும் மிச்சம், அவ்வளவுதானே கணக்கு?

மனாங் சுமார் 3,500 மீட்டர். மூவாயிரத்துக்கு மேலே போய்விட்டால், இரவு படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, இடையில் ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். உங்கள் ஆன்லைன் வகுப்பில் சொன்னதுதான் இது, என் நோட்டில் இன்னும் இருக்கிறது. மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ முகாமில், உயரத்துக்கு உடம்பு பழகாமல் வரும் மலை நோயைப் பற்றிச் சீசனில் மதியம் பேசுவார்களாம். அதைக்கூடக் கேட்க விடாமல் கிளப்பிவிட்டீர்கள்.

அன்று மனாங்குக்கு மேலே உள்ள யாக் கர்க்கா போய்ச் சேர்ந்ததும் என் கொழுந்தியாள் தலைவலி என்றாள். சாயங்காலம் பார்த்தால் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். நேராக நடக்கச் சொன்னால் குடித்தவர் மாதிரித் தள்ளாடுகிறாள். கைடு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு இருட்டிலேயே அவளைக் கீழே இறக்கினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கூடவே நாங்கள் நான்கு பேர் இறங்கினோம். மனாங்கிலிருந்து கீழே உள்ள பேசிசஹார் ஊருக்கு ஜீப் வாடகை எங்கள் கையிலிருந்து ரூ.18,000. ரசீது இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை இணைத்தேன்.

இப்போது உங்கள் போன் எடுக்கும் தம்பிக்கு வருகிறேன். "உங்க வயசுக்கு ஏற்காடு போயிருக்கலாமே அங்கிள்" என்றார். எனக்கு 58 வயது. மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் வத்தல்மலை ஏறிப் பழகிவிட்டுத்தான் வந்தோம். மலை நோய் வயசு பார்த்தா வருகிறது? வேகமாக ஏற்றினால் இருபது வயதுப் பையனுக்கும் வரும். மலையேற்றக் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இதுகூடத் தெரியாதா? பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, நேரிலேயே பேசலாம் என்று ஓசூர் ஆபீசுக்கு வந்தேன். நீங்கள் கொடுத்த தேதி, நீங்கள் கொடுத்த நேரம். தர்மபுரியிலிருந்து பெங்களூரு பஸ்ஸில், கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே வந்தேன். ஷட்டர் இழுத்துப் பூட்டியிருந்தது. "ஸ்டாஃப் டிரெக்கிங் போயிருக்காங்க" என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். அவர்களுக்காவது ஓய்வு நாள் கொடுத்தீர்களா?

சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பாதையில் மேலே இருந்த தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். அதைத் தாண்டினால்தான் முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. அங்குள்ள 108 தாரைகளின் நீரைக் கொஞ்சம் பிடித்து வரச்சொல்லி, எதிர்வீட்டுப் பாட்டி ஒரு பித்தளைச் சொம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். சொம்பு காலியாகத் திரும்பியது. இந்த ஜென்மத்தில் இன்னொரு முறை எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதற்குப் பத்து லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

ஆனாலும் பத்து லட்சம் கேட்கவில்லை. ஜீப் வாடகை, போகாத நாட்களுக்கு எங்கள் ஐந்து பேரின் பணம், ஒரு மன்னிப்புக் கடிதம். தயவுசெய்து 15 நாட்களுக்குள் முடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் நான் ஓசூருக்கு வரமாட்டேன், நீங்கள்தான் தர்மபுரிக்கு வரவேண்டியிருக்கும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் போடுவேன். வழக்கில் கேட்பது இந்தத் தொகையாக இருக்காது.

நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: தயவுசெய்து இந்தக் கடிதத்தை அந்தத் தம்பியிடம் கொடுத்து என்னைக் கூப்பிடச் சொல்லாதீர்கள்.