பெயரில்லாத மெட்ராஸ்காரர்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் சங்கம் இருப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம் என்று எத்தனை தடவை சொன்னாலும் பயனில்லை, இந்த வருஷமும் மாம்பழம் விலை கேட்டு சங்கத்து எண்ணுக்கு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். பொங்கல், சித்திரைத் திருநாள், கோடைச் சுற்றுலா மூன்றும் நன்றாகவே நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் சொல்ல வந்தது பலகை நடையைப் பற்றி.

ஊரிலுள்ள வரலாற்றுப் பலகைகளை ஒவ்வொன்றாக நின்று படிப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம். முதல் நடையை அக்டோபரில் வைத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஹாலோவீன் மாதத்தில் சேலத்துக்குள் கார் கொண்டு வருவது, தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் பார்க்கிங் தேடுவது மாதிரி. கூர்த்தொப்பி போட்ட கூட்டத்துக்கு நடுவில் பலகை எங்கே, படிப்பது எங்கே, பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

நவம்பரில் மறுபடி போனோம். போப் தெருவில், ஒரு மருந்துக்கடைக்குப் பின்புறம், குன்றுச் சரிவில், பிராக்டர்ஸ் லெட்ஜ். 1692இல் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட இடம். ஊர் ஜனம் ரொம்ப நாள் குன்றின் உச்சியைத்தான் கை காட்டிக்கொண்டிருந்தது. சிட்னி பெர்லி என்ற வரலாற்றாய்வாளர் 1921லேயே இந்தச் சரிவுதான் என்று எழுதியும், ஆய்வுக் குழு ஒன்று அதை உறுதி செய்ய 2016 ஆகிவிட்டது. நினைவிடம் திறந்தது 2017 ஜூலை 19, ஐந்து பெண்களை ஒரே நாளில் தூக்கிலிட்ட அதே தேதி. வளைந்த கல்சுவரில் ஆளுக்கொரு கல், அதில் பெயர். நாங்கள் போனபோது ஒருத்தரும் இல்லை. ரெபெக்கா நர்ஸின் கல்மேல் யாரோ வைத்த ரோஜா காய்ந்து சுருண்டிருந்தது. ஊர் நடுவே தொலைக்காட்சித் தொடரில் வந்த சூனியக்காரிக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, அங்கே செல்ஃபிக்கு எப்போதும் வரிசை. எனக்கு இது பிடிக்கவில்லை, அறிக்கையில் பதிவாகட்டும்.

அப்புறம் வீட்டுப் பலகைகள். பழைய வீட்டு வாசல்களில் முதல் சொந்தக்காரர் பெயர், அவர் தொழில், கட்டிய வருஷம் மூன்றையும் எழுதி மாட்டியிருக்கும். ஹிஸ்டாரிக் சேலம் அமைப்பு பத்திரங்களைத் தேடிப் பார்த்துத் தருவது. மாலுமி, தச்சர், தோல் பதனிடுபவர் என்று வாசல் வாசலாகப் படித்துக்கொண்டே போகலாம். நம் உறுப்பினர் ஒருவர் தன் வீடும் கப்பல் கேப்டன் வீடாகத்தான் இருக்கும் என்று பத்திரப்பதிவு அலுவலகம் வரை போய்த் தேடினார். 1914 ஜூன் 25 அன்று போஸ்டன் தெருத் தோல் தொழிற்சாலையில் பிடித்த தீ 1,376 கட்டடங்களைத் தின்றதே, அந்தப் பட்டியலில் அவர் மனையும் இருந்தது, வீடு அதற்கு அடுத்த வருஷம் எழுப்பியது. இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை மனிதர்.

இனி முக்கியமான விஷயம். வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் இந்த ஊரில் வருஷக்கணக்காக நாட்குறிப்பு எழுதினார். 1790 டிசம்பர் 29 அன்று, மெட்ராஸிலிருந்து வந்த ஒரு இந்தியரை முதன்முதலாகப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்: நல்ல கருப்பு, நீண்ட கருங்கூந்தல், உயரம், கேப்டன் கிபோவுடன் வந்தவர். முகத்தில் உணர்ச்சி ஒன்றும் தெரியவில்லையாம். டிசம்பர் கடைசியில் இந்த ஊர்க் குளிரில் நிற்கும் மெட்ராஸ்காரர் முகத்தில் வேறென்ன தெரியும்? பென்ட்லி பின்னாளில் குடியிருந்த வீடு எசெக்ஸ் தெருவில் அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் நிற்கிறது. அதன் முன்னால் கையுறையோடு நின்று அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தோம். கேப்டன் பெயரை எழுதிய பாதிரியார் மெட்ராஸ்காரர் பெயரை எழுதவில்லை. நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ சுற்றிவந்த கேப்டன்களும் அவர்களின் சரக்கு அதிகாரிகளும் 1799இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள், 1825இல் அதற்கு மண்டபமும் கட்டினார்கள். நாங்கள் நடந்த தெருக்களில் கேப்டன்களுக்குப் பலகை உண்டு, அவருக்கு இல்லை.

அவருக்கும் ஒரு பலகை கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பம் போடலாம் என்று பேசினோம். உடனே ஆரம்பித்தது சண்டை. அவர் தமிழர் என்று எழுத வேண்டும் என்றார் ஒருவர், தெலுங்கராகவும் இருக்கலாமே என்றார் இன்னொருவர், இரண்டு கூட்டம் இதிலேயே போனது. அக்கா ஒருவர்தான் கடைசியில், "பாதிரியார் மெட்ராஸ் என்று எழுதியிருக்கிறார், நாமும் அதோடு நிறுத்திக்கொள்வோம்" என்றார். சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

வாசகத்தின் வரைவை நாற்காலிகளில் வைத்திருக்கிறேன். முதல் வரியில் பெயருக்கு இடம் விடுவதா, விடாமல் "ஒருவர்" என்றே தொடங்குவதா என்பதற்கு இன்று கை தூக்க வேண்டும். தேநீர் அதற்கப்புறம்தான்.