12 வோல்ட்டுதானேன்னு நினைக்கிற படகுக்கார அண்ணன்மாருக்கு

மதுரை சுத்துப்பட்டுல குளத்துலயும் கண்மாயிலயும் போட்டு (படகு) விடுற அண்ணன்மாருக்கும், அதுல இன்வெர்ட்டர் மாட்டித் தர்ற எலக்ட்ரீசியன் தம்பிகளுக்கும் வணக்கம். நான் சிம்மக்கல் பக்கம் பேட்டரிக் கடை வச்சிருக்கேன்.

போன வாரம் ஒரு போட்டுல கழட்டுன இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு வந்துச்சு. மெஷின்ல ஒரு பழுதும் இல்ல. கூட வந்த வயரத்தான் பாக்கணும், வீட்டு பிளக் பாயிண்ட்டுக்கு இழுக்குற 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரு, ரெண்டு எடத்துல முறுக்கி டேப் சுத்தி, அந்த டேப்பு உருகி வெல்லப்பாகு மாதிரி வழிஞ்சு, லக்கே (வயர் நுனில அமுக்கி மாட்டுற உலோக வளையம்) போடாம டெர்மினல்ல சுத்துன எடத்துல ஈயம் குழிஞ்சு போய்க் கெடக்கு. கொண்டாந்தவரக் கேட்டா "12 வோல்ட்டு என்னண்ணே செஞ்சிரும்"னு சிரிக்கிறாப்ல.

ஷாக் அடிக்காதுதான், ஆனா தீப்பிடிக்குமே! டீ போடுற 1000 வாட் கெட்டில வீட்டுல போட்டா நாலரை ஆம்பியர்கூட இழுக்காது, அதையே 12 வோல்ட் பேட்டரில இன்வெர்ட்டர் வழியா ஓட்டுனா 83, மெஷின் திங்கிறதையும் சேத்தா 95 கிட்ட வந்துரும், அம்புட்டும் அந்த நூல் வயர்ல போகணும்னா எப்புடி? 35 ஸ்கொயர் காப்பர் கேபிள் போடுங்க, நீளம் கம்மியா இருக்கணும், லக்கு அடிச்சு டைட் பண்ணுங்க. பிளஸ் டெர்மினல்ல இருந்து ஒரு சாணுக்குள்ள டிசி (பேட்டரி கரண்ட்டுக்கான) ஃபியூஸ் வைங்க. இன்வெர்ட்டருக்குள்ள ஃபியூஸ் இருக்கேம்பீங்க, அது மெஷினக் காப்பாத்தும், நடுவுல கேபிள் உரசி ஷார்ட்டானா அதுக்குத் தெரியவே தெரியாது. வீட்டு ஏசி கரண்ட்டுக்குப் போடுற எம்சிபிய (ட்ரிப் சுவிட்ச்) பேட்டரிப் பக்கம் மாட்டுறதும் வேணாம்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டிக்குள்ள பூட்டி வைக்காதீங்க, சார்ஜ் ஏறும்போது பேட்டரில ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

அவுட்புட் பக்கம் 230 வோல்ட்டு, ஈரக்காலோட ஆளுங்க ஏறுற எடம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட்டு கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) கட்டாயம். நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டர்கிட்ட ஒரு எடத்துல சேராட்டி அது ட்ரிப் ஆகாம சும்மா நிக்கும், தம்பிகளா, மெஷின் புக்கப் பாத்துட்டுச் செய்யுங்க.

தைத் தெப்பத்துக்குன்னா வடம் பிடிச்சு இழுக்க கரையில ஊரே நிக்கும். உங்க போட்டுல புகை வந்தா நடுக்குளத்துல எங்குட்டு எறங்கி ஓட?

சீரியல் செட்டு, ஸ்பீக்கர் எல்லாம் போட்டு பத்து நிமிஷம் கரையிலயே ஓட்டிட்டு, ஆஃப் பண்ணி பேட்டரி கேபிளத் தொட்டுப் பாருங்க. சுட்டா கடைக்கு வாங்க, லக்குக்கும் கேபிளுக்கும் காசு குடுங்க, கூலி வேணாம்.