மகுடம் மட்டுமா தியாகம்?

ஐயா,

‘பொன்னியின் செல்வனில் தியாகம்’ என்று பேச்சுப் போட்டியில் தலைப்புக் கொடுத்தால், சேலம் மாணவர்கள் பலர் “அருள்மொழிவர்மர் சித்தப்பாவுக்கு அரியணையை விட்டுக்கொடுத்தார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி நேரத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலில் கழிக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு மேடையேறுவதால் வரும் வினை இது.

நாவலில் முடிசூடுபவர், பூமாலை கட்டிக் கோயில் தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதன். அவர்தான் அந்தச் சித்தப்பா, அதாவது அசல் மதுராந்தகர்; முடிசூடியபின் உத்தம சோழர். நாடும் படையும் அருள்மொழியைத்தான் கேட்கின்றன. அமுதனைப் பெற்ற செம்பியன் மாதேவிக்கோ மகன் அரசாள்வதில் விருப்பமே இல்லை. முன்கூட்டிச் சொன்னால் ஒருவரும் ஒப்பமாட்டார்கள். அதனால் அருள்மொழி, தானே முடிசூடப் போவதாகக் காட்டிக்கொண்டு, பட்டாபிஷேக மண்டபத்தில் கிரீடத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அமுதன் தலையில் வைக்கிறார். இந்த மறைப்பைச் சொல்லாமல் விட்டால் காட்சி சப்பென்று போய்விடும்.

“மதுராந்தகரின் தந்தை கண்டராதித்தர் மறைந்தபோது மகன் சிறுபிள்ளை. அதனால்தானே தம்பி அரிஞ்சயர் வழிக்கு, அதாவது அருள்மொழியின் தாத்தா வழிக்கு, அரசு போனது? உரியவருக்கு உரியதைக் கொடுத்ததில் தியாகம் எங்கே?” என்று நடுவர் மடக்கலாம். சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டைக் கையில் வைத்திருங்கள். குடிகள் வேண்டியும், சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது அது. உத்தம சோழர் 985 வரை ஆண்டார். அருள்மொழி ராஜராஜராக அரியணை ஏறியது அதன் பிறகே.

மற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். அருள்மொழியின் தந்தை சுந்தர சோழரைக் குறிவைத்த வேலைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறாள் மந்தாகினி. அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு உயிரை விடுகிறார் பெரிய பழுவேட்டரையர். அதே கொலைப்பழி விழுந்த, தான் விரும்பிய வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கொன்றது தானே என்று சொல்கிறாள் கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலை. எங்கள் ஓட்டு இவளுக்குத்தான். அரசும் இல்லை, புகழும் இல்லை, விரும்பியவனும் கிடைக்கவில்லை. ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று பெயர் வைத்த கல்கி, அதன் கடைசி அத்தியாயமான ‘மலர் உதிர்ந்தது’ பகுதியை எந்த அரசருக்கும் கொடுக்காமல் இவளுக்குக் கொடுத்திருக்கிறார். ஐந்து நிமிடப் பேச்சென்றால் பட்டாபிஷேகத்துக்கு இரண்டு, இவளுக்கு ஒன்றரை, வம்ச வரலாற்றுக்கு ஒன்று, மிச்சம் முன்னுரைக்கு.

மேற்கோள் காட்டும்போது பக்க எண் வேண்டாம். நாவல் நாட்டுடைமை ஆனதால் பதிப்பகத்துக்கு ஒரு பக்கக் கணக்கு. பாகமும் அத்தியாயமும் சொன்னால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடலாம். சுருக்கப் பதிப்புகளை மட்டும் நம்பாதீர்கள். அவற்றில் முதலில் கத்தரி விழுவது மணிமேகலை போன்றோரின் கிளைக்கதைகளில்தான்.

– தமிழாசிரியர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.