வருசப் பலகாரத்தில ஒண்டையாவது வீட்டில சுடுவம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

சித்திரை வருசம் பிறக்க முதல் கிழமையில வாற உங்கட பேப்பரை நாங்கள் எறியிறேல்லை, மடிச்சு சாமியறையில வைக்கிறனாங்கள். ஏனெண்டா அதிலதான் புண்ணிய காலம் எத்தினை மணிக்கு, மூலிகை போட்டுக் காய்ச்சின மருத்துநீர் வைக்கேக்க தலைக்கு என்ன இலை காலுக்கு என்ன இலை, என்ன நிறத்தில உடுப்பு, பெரியாக்கள் காசு தாற கைவிசேஷம் எந்த நேரம் எண்டு வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் தனித்தனியா வரும். அதில ஒரு குறையும் இல்லை. ஆனா அதே இதழில சமையல் பக்கத்தைத் திருப்பினா சொக்லட் கேக்கும் புடிங்கும்தான் கிடக்கு. கேக் கூடாதெண்டு நான் சொல்லேல்லை, அதை நத்தாருக்குப் போடுங்கோ, எங்கட பிள்ளையளும் சாப்பிடட்டும். சித்திரைக்கு எங்கட வீடுகளில என்ன சுட்டவை, எப்பிடிச் சுட்டவை எண்டதுக்கும் ஒரு பக்கம் வேணும், அதைக் கேக்கத்தான் இந்தக் கடிதம்.

நான் இருக்கிறது வெள்ளவத்தையில. ஏப்ரல் பிறந்தா காலி வீதியில நடக்கேலாத சனம், கடை வாசல் எல்லாம் பிளாஸ்டிக் பெட்டி அடுக்கி இருக்கும், ஒரே பெட்டிக்குள்ள முறுக்கு, சிங்களப் பலகாரமான கொக்கிஸ், கொண்டைக் கவும், அலுவா, ரெண்டு பயத்தம் உருண்டை. எதைக் கடிச்சாலும் ஒரே எண்ணெய் ருசி. 12ஆம் திகதி மட்டும் வேலைக்குப் போயிட்டு வாற பொம்பிளையளுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு உதவி எண்டது எனக்கு நல்லாத் தெரியும், அவையளை ஒரு சொல்லும் சொல்லமாட்டன். என்ர கவலை வேற. எங்கட பிளாட்டில ஒவ்வொரு வருசமும் சிங்கள வீடுகளில இருந்து தட்டு வரும், அவையள் நல்ல நேரம் பாத்து அடுப்பு மூட்டி, பால் பொங்க வைச்சுக் காய்ச்சின கிரிபத் எண்ட பால்சோறும், வாழைப்பழமும், வீட்டில அச்சு தோய்ச்சுச் சுட்ட கொக்கிசும். வந்த தட்டை வெறுமையாத் திருப்பி அனுப்புறது எங்கட பழக்கம் இல்லைத்தானே, அப்ப அதில என்ன வைக்கிறம்? கன வீடுகளில இப்ப கடைப் பெட்டியை உடைச்சுப் பரப்பி வைச்சுக் குடுக்கினம். பக்கத்து வீட்டு மனுசி தன்ர கையால சுட்டதுக்கு நாங்களும் எங்கட கையால சுட்டதைக் குடுத்தாத்தானே அது மரியாதை.

எல்லாப் பலகாரமும் சுடச் சொல்லி நான் கேக்கேல்லை. அரியதரம், சிப்பி, பால்ரொட்டி, தட்டை வடை எண்டு அந்தக் காலத்தில நாலைஞ்சு வீட்டுப் பொம்பிளையள் சேர்ந்து இரவிரவாச் சுட்டதை, ரெண்டு அடுப்பு வைச்ச பிளாட் குசினியில தனிய ஒருத்தி சுட ஏலாது. ஒரு வீட்டில ஒண்டு, அவ்வளவுதான். என்னைக் கேட்டா பயத்தம் உருண்டையில தொடங்குங்கோ எண்டுதான் சொல்லுவன், அதில எல்லாருக்கும் வேலை இருக்கு. முழுப் பயறை தாச்சியில அடி பிடிக்காமல் கிண்டிக் கிண்டி வறுக்க வேணும், வாசம் வந்து பச்சை நிறம் மங்கி மண்ணிறமா மாறேக்க இறக்கிறது, பிறகு உடைச்சு சுளகில கோது புடைச்சு, மாவாத் திரிச்சு அரிக்கிறது. சுளகு இல்லாத வீட்டில பெரிய தட்டும் ஃபானும் காணும், பல்கனியில நிண்டு செய்யுங்கோ, இல்லாட்டி வீடு முழுக்கக் கோது. தேங்காய்ப்பூவை பொன்னிறமா வறுத்துப் போட வேணும், பச்சையாப் போட்டா ரெண்டாம் நாளே சிக்கு மணக்கும். மிளகு, சீரகம், ஏலக்காய் இடிச்சுப் போட்டு சீனிப்பாகை ஊத்திக் குழைச்ச உடன உருட்டோணும், கை பொறுக்கிற சூடு இருக்கேக்க. ஆறவிட்டா உதிரும், ஒண்டும் செய்யேலாது. இந்த இடத்திலதான் பிள்ளையள், தகப்பன், அம்மம்மா எல்லாரும் சுத்திவர இருந்தாத்தான் கதை நடக்கும், ஒரு ஆள் உருட்டி முடிக்க முதல் மா ஆறீடும். பிறகு மஞ்சள் போட்டுக் கரைச்ச மாவில தோய்ச்சு எண்ணெயில போடுறது பெரியாக்களின்ர வேலை. ரின்னில போட்டு மூடினா கிழமைக்கணக்கில இருக்கும், ஆனா எங்கட வீட்டில இருந்ததில்லை.

ஆம்பிளையளுக்கும் ஒண்டு சொல்லவேணும். பயறு வறுக்கிறதுக்கும் தேங்காய் திருவிறதுக்கும் பொம்பிளையாப் பிறந்திருக்கத் தேவையில்லை. வருசத்தன்டு மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் இல்லை எண்டு காத்திருந்து அடுத்த நாள் ஊரில பங்கு இறைச்சி பிரிக்கேக்க எவ்வளவு உற்சாகமா நிண்டனியள், அந்த உற்சாகத்தில பாதியை முதல் நாள் குசினியில காட்டினாப் போதும்.

90களில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை இருந்த காலம், சீனி கண்ணில காணக் கிடையாது, தேத்தண்ணியே பனங்கட்டியைக் கடிச்சுக் கொண்டுதான் குடிச்சம். அப்பவும் அம்மா வருசத்துக்கு பயத்தம் உருண்டை செய்தவா, பனையோலைக் குட்டானை உடைச்சு எடுத்த பனங்கட்டியைக் காய்ச்சி வடிச்ச பாகில. நிறம் கறுப்பு, ருசி வேற மாதிரி, இண்டைக்கும் எனக்கு அதுதான் முதல். 2022 ஏப்ரலில கொழும்பில காஸ் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் மணிக்கணக்கில இல்லை. அந்த வருசமும் எங்கட மாடியில ஒரு வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் குக்கரில பொங்கிப் போட்டு எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு கரண்டி கொண்டு வந்து தந்தவை. ஒண்டுமில்லாத நேரத்திலயே விடாமல் வைச்சிருந்ததை, எல்லாம் கிடைக்கிற நேரத்தில பெட்டிக்கு விட்டுக் குடுக்கிறதைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் இருக்கு.

வெய்யிலைப் பற்றி எல்லாரும் குறை சொல்லுறம், ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேல நிக்கிற நாள்தானே. வேப்பம்பூ வடகத்துக்கு அதைவிட நல்ல வெய்யில் எங்க வரும்? பூவை உதிர்த்து, உளுந்து, வெங்காயம், செத்தல் மிளகாயோட குழைச்சுத் தட்டி, மொட்டை மாடியில காய விட்டா வருச மத்தியானச் சோத்துக்குப் பொரிக்கலாம். காகத்துக்கு ஒரு ஆள் காவல் இருக்கோணும், அது வேற கதை. கொட்டாஞ்சேனைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச வீடுகளில அதே வேப்பம்பூவை மாங்காய், வெல்லத்தோட பச்சடிக்குப் போடுவினம். மலையகத்தில இருந்து வந்த ஆக்கள் அதிரசம் சுடுவினம், எங்கட அரியதரத்துக்குச் சொந்தக்காரன்தான், ஆனா ரெண்டையும் பக்கத்தில வைச்சுச் சாப்பிட்டுப் பாருங்கோ, வித்தியாசம் நாக்கில தெரியும். இந்த வித்தியாசங்கள்தான் பெட்டிக்குள்ள போனா முதலில செத்துப் போறது.

ஒண்டும் செய்ய நேரமே கிடைக்காத வீடுகள் எங்கட ஒழுங்கைகளில வீட்டில சுட்டு ஓர்டருக்குக் குடுக்கிற அம்மாமாரிட்ட வாங்குங்கோ. ஒரு கிழமைக்கு முதலே சொல்லி வைச்சா, என்ன எண்ணெய், சர்க்கரையோ சீனியோ எண்டு கேட்டுச் செய்து தருவினம். கடைப் பெட்டியை விட காசு கொஞ்சம் கூடத்தான் வரும், பயறும் தேங்காயும் விக்கிற விலையில அவையளும் என்ன செய்யிறது. தயவுசெய்து அவையளோட பேரம் பேசாதையுங்கோ.

ஐயா, உங்களிட்டக் கேக்கிறது இதுதான். பங்குனி பிறந்த உடன வாசகர்களிட்ட அவையவையின்ர வீட்டு வருசப் பலகாரத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கோ, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா, திருகோணமலை, நுவரெலியா, பதுளை எல்லா இடத்தாலயும். நட்சத்திர ஹோட்டல் சமையல்காரரிட்டப் போகாதையுங்கோ, வீட்டில இருக்கிற அம்மம்மாமாரிட்டக் கேளுங்கோ. அவையள் சுண்டு, கொத்து, ஒரு சிறங்கை எண்டுதான் அளவு சொல்லுவினம், அதை அப்பிடியே போட்டு பக்கத்தில கிராமிலயும் போடுங்கோ, இல்லாட்டி இங்க வளர்ற பிள்ளையளுக்கு விளங்காது. ஒவ்வொண்டுக்கும் கீழ எந்த ஊர் எண்டு கட்டாயம் இருக்கோணும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள வந்திடோணும், 13ஆம் திகதி பேப்பரில வந்தா பயறு வாங்கவே நேரம் இருக்காது. பனங்கட்டிப் பாகில செய்யிற உருண்டையின்ர அளவுகளை அம்மாவிட்டக் கேட்டு இந்தக் கடிதத்தோட தனித்தாளில எழுதி வைச்சிருக்கிறன், முதலாவதா அதைப் போட்டாலும் சந்தோசம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி
கொழும்பு 06